பதினெட்டாங்கட்டைப் பள்ளியின் அகப்பக்கம்

சனிக்கிழமை மதியம் வசந்தன் போனில் கூப்பிட்டபோது, சசிதரன் அம்பாங்கான் வீட்டில் உட்கார்ந்து ஒரு பல் மருத்துவரின் அகப்பக்கத்துக்கு எந்த நீலம் பொருந்தும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். வசந்தன் அவனுடைய அக்கா திலகாவின் கணவர். பகாவ் தாண்டி, கெமாஸ் போகிற பக்கம் இருக்கும் பதினெட்டாங்கட்டைத் தோட்டத்தில் செம்பனை லாரி ஓட்டுகிறவர். எண்ணெய் ஆலை வாசலில், குலைகளோடு காத்து நிற்கும் லாரிகளின் வரிசையிலிருந்து பேசினார். எஞ்சின் இரைச்சல் அவர் பேச்சில் பாதியைத் தின்றுவிட்டது.

“மச்சான், ஒங்கக்கா காலையில தாமானுக்குப் போயிட்டு அழுதுகிட்டே வந்திருக்கா. சாப்பிடல. கதவச் சாத்திக்கிட்டுப் படுத்திட்டா. நீ செஞ்சு குடுத்த பள்ளிக்கூட வெப்சைட்டுல என்னாமோ சூதாட்டம் வருதாமில்ல?”

“சூதாட்டமா?”

“ஆமாலா. நீயே தொறந்து பாரு. நான் வைக்கிறேன், முன்னாடி லாரி நவுருது.”

சசிதரன் பள்ளியின் முகவரியை அடித்தான். சிவப்பும் தங்கமுமாக ஒரு பக்கம் விரிந்தது. ஒரு டிராகன் வாயைத் திறக்க, காசு மழையாகக் கொட்டியது. அரைகுறை உடையில் ஒரு பெண் கண்ணடித்தாள். இன்றே சேருங்கள், முதல் ஆட்டம் இலவசம் என்று இந்தோனேசிய மொழியில் எழுத்துகள் மின்னின. மேலே முகவரி மட்டும் மாறவில்லை. பதினெட்டாங்கட்டைத் தமிழ்ப்பள்ளி என்று அவனே யோசித்து வைத்த பெயர் அங்கே அப்படியே நின்றது.

அவன் மடிக்கணினியை மூடினான். இப்படி ஆகக்கூடும் என்று அவனுக்கு ஜூலை மாதமே தெரியும். இப்போது அக்டோபர்.

*

எட்டு வருஷத்துக்கு முன்னால் சசிதரன் நீலாயில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை செய்தான். கல்லூரிகளுக்கும் கிளினிக்குகளுக்கும் அகப்பக்கம் வடிவமைக்கிற வேலை. அப்போது ஒருநாள் திலகா ரயிலேறி வந்து, கோடு போட்ட தாளில் இரண்டு பக்கமும் எழுதிய நான்கு தாள்களை அவன் கையில் கொடுத்தாள். அவள் அந்தத் தோட்டப் பள்ளியின் துணைத் தலைமையாசிரியை. பள்ளியின் தொலைபேசி எண், முதலாம் ஆண்டுக்குப் பதியும் நாள், எந்த ஆசிரியர் எந்தப் பாடம், சிற்றுண்டிச் சாலையில் என்றைக்கு என்ன சாப்பாடு, வேன் எங்கெங்கே நிற்கும், சீருடை எந்தக் கடையில் கிடைக்கும் என்று எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். கடைசித் தாளில், ‘எங்கள் வகுப்புகளில் பிள்ளைகள் குறைவு. அதனால் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டையும் எங்களுக்குத் தெரியும்’ என்று ஒரு வரி.

“பாக்க சுத்தமா இருக்கணும்டா,” என்றாள். “தேடுறது ஒடனே கெடைக்கணும். ஒருவாட்டி செஞ்சா நாள்பட நிக்கணும். அவ்வளவுதான் எனக்கு.”

“இதெல்லாம் யாருக்கா படிக்கப் போறா? வெப்சைட்டுன்னா அசத்தணும்லா.”

அசத்தத்தான் செய்தான். செம்பனைக் காட்டின் மேல் பறந்து எடுத்த படம் முதலில் ஓடும். மேகங்கள் நகரும். பள்ளியின் பெயர் எழுத்து எழுத்தாகப் பறந்து வந்து சேரும். அக்காவின் நான்கு தாளில் இருந்து தொலைபேசி எண்ணையும் வேன் ஓட்டுநர் எண்ணையும் மட்டும் எடுத்து, அடியில் எறும்பு மாதிரி வைத்தான். அலுவலகத்தில் எல்லாரும் கூடி நின்று பார்த்தார்கள். அதைக் காட்டித்தான் ஒரு தனியார் கல்லூரியின் பெரிய வேலை அவன் கைக்கு வந்தது. பிறகு அதே தைரியத்தில் தனியாகத் தொழில் தொடங்கினான்.

தோட்டத்தில் கதை வேறு மாதிரி. அங்கே கோயில் மேட்டில் ஏறினால்தான் போனுக்கு ஒழுங்காக லைன் கிடைக்கும். மேகம் நகர்ந்து முடிவதற்குள் பார்க்க வந்தவர்கள் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு எழுத்தை மாற்றவேண்டும் என்றாலும் சசிதரனிடம்தான் வரவேண்டும். புதுத் தலைமையாசிரியராக நல்லசாமி வந்தபிறகும் பழையவரின் படம் ஏழு மாதம் சிரித்துக்கொண்டிருந்தது. வேன் ஓட்டிய சன்னாசி இறந்து இரண்டு வருஷம்வரை அவர் நம்பர் பக்கத்தில் இருந்தது. பிள்ளையைச் சேர்க்க விசாரிக்கிறவர்கள் கூப்பிட்டால் அவர் மனைவி மயிலம்மாள் எடுத்து, “அவரு தவறிட்டாருங்க” என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். திலகா அதைச் சொன்னபோது சசிதரன் உடனே மாற்றுவதாகச் சொன்னான். இன்னும் மூன்று தடவை அவள் சொல்லவேண்டியிருந்தது.

ஜூனில் திலகா கூப்பிட்டு, பக்கம் திறக்கமாட்டேன் என்கிறது என்றாள். “சர்வர் டவுனா இருக்கும்கா, பாக்குறேன்,” என்றான். ஜூலையில் மறுபடி கூப்பிட்டாள். அன்றைக்குப் பார்த்தான். பள்ளியின் முகவரிக்குக் காலம் முடிந்திருந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் எல்லாம் அவன் விட்டுவந்த நிறுவனத்தின் மின்னஞ்சலுக்குப் போய் யாரும் திறக்காமல் கிடந்தன. இன்னும் இரண்டு வாரம் தவணை இருக்கிறது, அதற்குள் புதுப்பிக்காவிட்டால் முகவரியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பு சொன்னது. கல்லூரி வேலை தலைக்கு மேல் இருந்த வாரம் அது. வெள்ளிக்கிழமை செய்துவிடலாம் என்று நினைத்து, சரியாகிவிடும் என்று அக்காவிடம் சொல்லிவைத்தான். வெள்ளிக்கிழமை கல்லூரியிலிருந்து இன்னொரு திருத்தம் வந்தது. அப்புறம் அது நினைவிலிருந்தே போய்விட்டது.

*

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கோலா பிலா வழியாகத் தோட்டத்துக்குக் காரை விட்டான். காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. தோட்டத்துச் செம்மண் சாலையில் லாரிகளிலிருந்து விழுந்து நசுங்கிய செம்பனைப் பழங்களின் எண்ணெய் வாடை. பள்ளித் திடலில் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். திடலை ஒட்டித்தான் ஆசிரியர் குடியிருப்பு. அடியில் சிமெண்டும் மேலே பலகையுமாக மூன்று வீடுகள். நடு வீடு திலகாவுடையது. கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து அங்கேதான் இருக்கிறாள்.

அவள் முன்வாசல் படியில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். கண் இரப்பைகள் இன்னும் வீங்கியிருந்தன.

“பசியாறிட்டியாடா?”

“பிலாவுல ரொட்டி சாப்பிட்டேன்கா.”

“ரொட்டி என்னா ரொட்டி. உள்ள தோசை இருக்கு, போட்டுக்க.”

அவன் போட்டுக்கொள்ளவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு கைப்பிடி நெத்திலியை எடுத்துக் கிள்ள ஆரம்பித்தான்.

“அந்த மகேந்திரன் வீடு,” என்று அவளே தொடங்கினாள். “தோட்டத்துக்கு வெளிய புதுசா வீடுங்க கட்டியிருக்காங்களே, அந்தத் தாமான்ல. நீலாய்ல ஃபேக்டரியில டெக்னீசியனா இருக்காரு. நாலு மாசமா அந்த வீட்டுக்கு நடக்கிறேன். பொண்ணுக்கு ஆறு வயசு. வெயில்ல போயி, மழையில போயி, அந்தப் பொண்டாட்டி ரதிகிட்ட பேசிப் பேசி நேத்துதான் சரின்னு உக்காந்தாங்க. பேரு பதியிற பாரத்தையும் நெரப்பக் கையில எடுத்தாச்சு. அப்ப அவரு கேட்டாரு, டீச்சர் ஒங்க இஸ்கூலுக்கு வெப்சைட்டு இருக்கான்னு. நான் பெருமையா சொன்னேன்டா. என் தம்பிதான் செஞ்சதுன்னு. ஒண்ணொண்ணா எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.”

“போன்லதான பாத்தாரு?”

“எங்க போன்ல? போன்ல தட்டி பெரிய டிவியில போட்டாரு. செவுரு பூரா டிவி அவங்க வீட்டுல. அந்தப் பொம்பள வந்து ஆடுறா. காசு கொட்டுது. சத்தம் வேற. பக்கத்துல அந்தச் சின்னப் பொண்ணு பாத்துகிட்டு நிக்குது. அவங்க மாமியாரு எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க. நான் என்னான்னு சொல்லுவேன்? பாரத்தக் கையில வச்சிக்கிட்டு அப்படியே நின்னேன்.”

நெத்திலித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

“என்னாடா ஆச்சு அது?”

வரும் வழியெல்லாம் சொல்லவேண்டியதை அவன் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தான். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

“திருடிட்டானுங்கக்கா. ஹேக் பண்ற கும்பல். பள்ளிக்கூடப் பேருன்னா எடுத்துக்குவானுங்க. நெறைய எடத்துல நடக்குது.”

திலகா பெருமூச்சு விட்டாள். தோள் தளர்ந்தது. “நான் நெனச்சேன். நீ கவனிக்காம விட்டிருப்பியான்னு நல்லசாமி சார் கேட்டாரு. எனக்கு வந்துச்சு கோவம். என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல சார்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன்.”

வேலை முடிந்து வந்த வசந்தன், போலீஸில் ரிப்போர்ட் கொடுக்கலாம் என்றார். “எந்த நாயி செஞ்சிருந்தாலும் பிடிச்சு உள்ள வைக்கணும் மச்சான். இவ கண்ணுல தண்ணி வர வச்சிட்டானுங்கல்ல.” மதியம் நெத்திலிச் சம்பாலும் கத்திரிக்காய்க் குழம்பும் போட்டார்கள். சசிதரன் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற சாப்பாடுதான். அன்றைக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

சாப்பிடும்போதுதான் திலகா கணக்கைச் சொன்னாள். பள்ளியில் இப்போது பதினேழு பிள்ளைகள். வருஷக் கடைசியில் ஐந்து பேர் ஆறாம் ஆண்டு முடித்துப் போகிறார்கள். புதிதாக நாலு பேராவது சேராவிட்டால் ஒரு ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு. தாமானில் ஐந்து வீடுகள் அரைமனதாகச் சம்மதித்திருந்தன. நேற்று மகேந்திரன் வீட்டில் நடந்தது சாயங்காலத்துக்குள் தாமான் வாட்சப்பில் பரவிவிட்டது.

“புதுசா ஒண்ணு செஞ்சு தரேன்கா,” என்றான். “வேற முகவரியில. நீ சொல்றபடி.”

“நான் சொல்றபடின்னா நான் சொல்றபடிதான். பறக்குறது, ஓடுறது ஒண்ணும் வேணாம்.”

*

அடுத்த இரண்டு வாரமும் சனி ஞாயிறு அவன் தோட்டத்தில்தான் இருந்தான். ஆசிரியர் அறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். திலகா எதிரே உட்கார்ந்து, தேர்வுத்தாள் திருத்திக்கொண்டே சொல்லச் சொல்ல அவன் அடித்தான். பழைய நான்கு தாள்கள் எங்கே என்று அவள் கேட்டாள். வீடு மாறும்போது போய்விட்டது என்றான். அவள் முதலிலிருந்து தொடங்கினாள்.

“மொத வரி என்னா போடலாம்கா? பள்ளியோட வரலாறு?”

“வரலாற அடியில போடு. பிள்ளையச் சேக்க நெனக்கிறவங்க மொதல்ல என்னா தேடுவாங்க? ‘உங்கள் பிள்ளையைச் சேர்க்க வேண்டுமா?’ன்னு கேளு. கீழயே ஆபீஸ் நம்பரு. விரலால தொட்டா கூப்புடணும்.”

“சரி.”

“வேன் எத்தன மணிக்கு எங்க நிக்கும்னு அதுக்குக் கீழ. அப்புறம் டீச்சருங்க பேரு. படம் வேணாம், பேரும் பாடமும் போதும்.”

சுருக்கச் சுருக்கத்தான் வேலை கூடியது. எந்த எழுத்து வயதானவர்களுக்கும் தெரியும், வரிக்கும் வரிக்கும் எவ்வளவு இடம் விடவேண்டும், எதை எடுத்தாலும் மற்றது கலையாமல் நிற்குமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். பள்ளிப் படங்களில் மூன்றை மட்டும் வைத்து அவற்றையும் இளைக்க வைத்தான். எட்டு வருஷத்தில் கல்லூரிகளுக்கும் கிளினிக்குகளுக்கும் அவன் செய்தது எதுவும் இப்படி லேசாக இருந்ததில்லை.

இரண்டாவது சனிக்கிழமை மதியம் அதை வசந்தனின் போனில் பார்க்க வேண்டும் என்று எண்ணெய் ஆலைக்குப் போனான். கண்ணாடி கீறல் விட்ட பழைய போன். லாரிகள் வரிசையில் நின்றிருந்தன. வசந்தன் ஸ்டியரிங் மேல் கைலித் துண்டைப் போட்டுக்கொண்டு, பொட்டலத்திலிருந்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சசிதரன் பக்கத்து சீட்டில் ஏறி முகவரியை அடித்தான். இன்னொரு வாய் எடுப்பதற்குள் பக்கம் வந்துவிட்டது.

“அட,” என்றார் வசந்தன். கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, விரலால் மெல்லத் தள்ளித் தள்ளி வாய்விட்டுப் படித்தார். “செவ்வாய்க்கெழம மீகூன், புதன்கெழம சோறு கோழி... கேண்டின் சாப்பாடு கூடப் போட்டிருக்கியா! ஒங்கக்கா வேலதான் இது.”

“எழுத்து தெரியுதா மாமா?”

“இந்தச் சாம்பல் கலரு வெயில்ல தெரியல மச்சான். கறுப்பாவே வையேன். எதுக்கு ஒளிச்சு வைக்கிற?”

அங்கேயே லாரியில் உட்கார்ந்து கறுப்பாக மாற்றினான். வெயிலில் நீட்டிப் பார்த்து வசந்தன் தலையாட்டினார். வரிசை நகர, லாரியைக் கிளப்பினார்.

இந்தத் தடவை முகவரியைப் பள்ளியின் பெயரிலேயே பத்து வருஷத்துக்குப் பதிந்தான். கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி அலுவலக அலமாரியில் வைத்தான். திருத்துவது எப்படி என்று திலகாவுக்குக் காட்டினான். ஆசிரியர் பட்டியலில் ஒரு வரியைச் சேர்த்தால் மற்றவை விலகி இடம் கொடுக்கும், ஒரு வரியை எடுத்தால் மற்றவை தாமாக ஒட்டிக்கொள்ளும். அவள் ஒரு பெயரைச் சும்மா எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி போட்டாள்.

“இவ்வளவுதானா? இதுக்காடா நான் இத்தன வருசம் ஒன் பின்னால அலைஞ்சேன்?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அவனும் சிரிக்கப் பார்த்தான்.

*

மறுநாள் திலகா அவனையும் கூட்டிக்கொண்டு மகேந்திரன் வீட்டுக்குப் போனாள். “நீயே காட்டுடா. செஞ்சவன் காட்டினா நம்பிக்கை வரும்.” நீலப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். பள்ளி விழாக்களுக்குக் கட்டுகிற புடவை. வானம் இருண்டு கொண்டிருந்தது.

மகேந்திரன் மரியாதையாக உட்கார வைத்தார். ரதி மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தாள். சசிதரன் போனை நீட்டினான். மகேந்திரன் டிவியில் போடவில்லை. கையில் வைத்தே மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“நல்லா இருக்குங்க. சுத்தமா இருக்கு. நம்மளோட கம்பெனி வெப்சைட்டு கூட இப்படி இல்ல,” என்றார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

ரதிதான் சொன்னாள். “டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. போன வாரமே சீனப்பள்ளியில பேரு குடுத்திட்டோம். பக்கத்து வீட்டு அவங்களும் அங்கதான் குடுத்திருக்காங்க.”

திலகாவின் கை மைலோ கோப்பையின் மேல் அப்படியே நின்றது. “இன்னும் நாளு இருக்கேமா. மாத்திக்கலாமே?”

“நாங்க ரெண்டு பேருமே தமிழ்ப்பள்ளிதான் படிச்சது. எனக்கு ஆசைதான். ஆனா அன்னிக்குப் பாத்ததும் எனக்கு என்னாமோ ஆயிருச்சு டீச்சர். அந்தப் படத்துக்காக இல்ல. மூணு மாசமா அது அப்படியே இருந்திருக்குன்னு இவரு சொன்னாரு. மூணு மாசமா யாரும் பாக்காத எடத்துல எப்படிப் பிள்ளைய விடுறதுன்னு...”

“அப்படி இல்லம்மா. நாங்க பிள்ளைங்கள எப்படிப் பாத்துக்குறோம்னு ஒனக்குத் தெரியாது. அது திருட்டுப் பசங்க செஞ்ச வேல. என் தம்பி எத்தன கவனமா இருக்கிறவன் தெரியுமா? அவனையும் மீறிப் பூந்துட்டானுங்க. சொல்லேன்டா.”

மூன்று பேரும் சசிதரனைப் பார்த்தார்கள். அவன் தலையை ஆட்டினானா, ஆட்டவில்லையா என்று அவனுக்கே தெரியவில்லை. மைலோ பாதியிலேயே இருந்தது. எழுந்துகொண்டார்கள்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் மழை பிடித்துக்கொண்டது. எதிரே வீடுகள் தெரியவில்லை. துடைப்பான்களை ஓடவிட்டான், ஆனால் காரை எடுக்கவில்லை.

“அக்கா. யாரும் திருடல.”

திலகா புடவை நுனியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “என்னா?”

“அந்த முகவரிக்குக் காலம் முடிஞ்சு போச்சு. புதுப்பிக்கணும். நான் புதுப்பிக்கல. விட்டதும் அவனுங்க எடுத்துகிட்டானுங்க. திருட்டு இல்ல. நான் கீழ போட்டத அவனுங்க பொறுக்கினானுங்க.”

“ஒனக்குத் தெரியாம முடிஞ்சிருக்கும்.”

“தெரியும்கா. ஜூலையில பாத்தேன். நீ ரெண்டாந்தடவ கூப்பிட்ட அன்னிக்கே பாத்தேன்.”

மழை கூரையில் அறைந்தது. அவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப எத்தன நாளு இருந்திச்சி ஒனக்கு?”

“ரெண்டு வாரம்.”

“புதுப்பிக்க எவ்வளவு நேரமாகும்?”

“பத்து நிமிசம்.”

அவன் திட்டுக்காகக் காத்திருந்தான். சின்ன வயதிலிருந்து அவள் திட்டுவதும் அடுத்த நிமிஷம் சாப்பிடச் சொல்வதும் அவனுக்குப் பழக்கம். திட்டு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “வண்டிய எடு. மாமா பசியோட வருவாரு,” என்றாள். பள்ளித் திடல் தெரிகிற இடத்தில் வந்தபோது மட்டும், “நல்லசாமி சார்கிட்ட நான் ஒனக்காகச் சண்ட போட்டேன்,” என்றாள். “நாளைக்கு நீ சொல்லிட்டுப் போயிடு சசி. என்னால இன்னொருவாட்டி அவரு மூஞ்சியப் பாத்துப் பேச முடியாது.”

எப்போதும் ‘டா’தான். அவள் அவனை சசி என்று கூப்பிட்டு அவன் கேட்டதில்லை.

திங்கட்கிழமை காலை, பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கிற நேரத்தில், நல்லசாமியின் அறையில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிற மெலிந்த மனிதர் அவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார். முடித்ததும், “இப்ப உள்ள சாவி யார்கிட்ட இருக்கு?” என்றார்.

“ஒங்ககிட்ட சார். அலமாரியில நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.”

“நல்லது,” என்றார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டு, “புதுசு நல்லா இருக்குது தம்பி. மொதல்லயே இப்படிச் செஞ்சிருக்கலாம்,” என்றார்.

*

முதலாம் ஆண்டுக்கு இரண்டு பிள்ளைகள் சேர்ந்தார்கள். இரண்டு பேரின் பெற்றோரும் பக்கத்தைப் பார்த்துவிட்டு, எண்ணைத் தொட்டுக் கூப்பிட்டவர்கள்தான். ஒருவர் ரோம்பின் பக்கத்திலிருந்து கூப்பிட்டு, வேன் அங்கே வருமா என்று கேட்டாராம். வசந்தன்தான் இதைச் சசிதரனுக்குப் போனில் சொன்னார். திலகாவும் பேசுவாள். சாப்பிட்டியா, வேலை எப்படி என்று கேட்பாள். கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

பன்னிரண்டும் இரண்டும் பதினான்கு. பள்ளி விடுமுறைக்கு முன்னால் கடிதம் வந்தது. கெமாஸில் ஒரு பள்ளிக்குத் திலகாவை மாற்றியிருந்தார்கள். வசந்தன் கூப்பிட்டபோது அன்றைக்கு லாரி சத்தம் இல்லை. வீட்டிலிருந்து பேசினார்.

“கெமாஸ் தூரம் இல்ல மச்சான், முக்கா மணி நேரந்தான். அதுக்கில்ல. இந்த வீட்ட விடணும்ல. இது இங்க வேல செய்யிற டீச்சருக்குக் குடுத்த வீடு. தாமான்ல ஒரு வாடக வீடு பாத்திருக்கோம்.”

“அக்கா என்னா சொல்லுது?”

“ஒண்ணும் சொல்லல. கப்பு, தட்டெல்லாம் பேப்பர் சுத்திக்கிட்டு இருக்கா. நீ வராத. வேணாம்னு சொன்னா. சாமான் கொஞ்சந்தான், எங்க லாரிப் பசங்களே தூக்கிடுவாங்க.”

“நான் சொன்னதெல்லாம் அக்கா ஒங்ககிட்ட சொல்லிச்சா மாமா?”

“சொன்னா. நான் அன்னிக்கு நாயி கீயின்னு திட்டினேனே, அத நெனச்சு மனசு கஷ்டப்படாத மச்சான். எனக்குத் தெரியாதுல்ல.”

இருபத்திரண்டு வருஷம் அவள் அந்தத் திடலைத் தாண்டி வேலைக்குப் போனாள். பல தோட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைகிற காலம் இது. இந்த வருஷம் நடக்காவிட்டால் அடுத்த வருஷம் நடந்திருக்கும் என்று நல்லசாமி வசந்தனிடம் சொன்னாராம். சசிதரன் அதைத் தனக்கும் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். மகேந்திரன் வீட்டுப் பிள்ளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் வந்திருந்தால் பதினாறு. அந்தக் கணக்கு எத்தனை தடவை போட்டாலும் அப்படியேதான் வந்தது.

டிசம்பர் கடைசியில் ஒரு புதன்கிழமை காலை, நீலாயில் ஒரு கல்லூரியின் வரவேற்பறையில் அவன் காத்திருந்தான். அவர்களுடைய பழைய பக்கத்தை எடுத்துவிட்டு, சுத்தமாக, நீண்ட நாள் நிற்கிற மாதிரி புதிதாக வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மாதிரி காட்டுவதற்குப் பள்ளியின் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான். போன் அதிர்ந்தது. திலகா.

“சசி, வேலையா இருக்கியா?”

“இல்லக்கா, சொல்லு.”

“டீச்சர் லிஸ்ட்டுல ஒண்ணு மாத்தினேன். நீ காட்டிக் குடுத்த மாதிரிதான் செஞ்சேன். சரியா வந்திருக்கான்னு பாரு. இங்க லைன் கெடைக்கல.”

அவன் திரையை ஒருமுறை புதுப்பித்தான். நொடியில் பக்கம் வந்து நின்றது. ஆசிரியர்கள் என்ற தலைப்புக்குக் கீழே நல்லசாமியின் பெயர். அதை அடுத்து இருந்த அக்காவின் வரி இல்லை. மற்ற மூன்று பெயர்களும் மேலே ஏறி ஒட்டிக்கொண்டிருந்தன.

“பாத்தியா?”

“பாத்தேன்கா.”

“எடம் கிடம் விட்டுப்போயிருக்கா? அசிங்கமா இருக்கக்கூடாது பாரு. நாளைக்கு யாராச்சும் தொறந்து பாப்பாங்க.”

“இல்லக்கா. சரியா வந்திருக்கு.”

“சரி. வாசல்ல லாரி நிக்குது, சாமான் ஏத்தணும். வைக்கிறேன்.”

அவன் இன்னும் அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்கு பெயர்கள், ஒரே அளவு இடைவெளி. நடுவில் ஒரு பெயர் இருந்தது என்று பார்க்கிறவர்கள் யாருக்கும் தெரியாது. அப்படித்தான் அவன் அதைச் செய்திருந்தான்.